குழந்தையோடு வயலுக்கு வந்து மரம் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள்: கிறிஸ்துமஸ் மரச் சாகுபடி சொல்லும் பாடம்

பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த பயிரை நான்கே வாரங்களில் விற்றுத் தீர்க்க வேண்டும். டிசம்பர் 25-ஆம் தேதி கடந்துவிட்டால், வெட்டி அடுக்கி வைத்த சரக்குக்கு ஒரு காசும் கிடைக்காது. இப்படிப்பட்ட ஒரு பயிரை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் சாகுபடி செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீட்டுக்குள் நிறுத்தி அலங்கரிக்கும் ஊசியிலை மரம்தான் அந்தப் பயிர்.

இவர்களில் சிறு விவசாயிகள் பலர் மரத்தைத் தாங்களே வெட்டிச் சந்தைக்குக் கொண்டு போவதில்லை. வாங்குகிறவரை வயலுக்கே வரவழைக்கிறார்கள். தாய் தந்தையர் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரிசை வரிசையாக நடந்து பார்க்கிறார்கள். பிடித்த மரத்தைத் தாங்களே ரம்பத்தால் அறுத்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் குடும்பம் எதைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது, அதற்காக விவசாயி என்னென்ன செய்து வைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டால், வேறு எந்தப் பயிர் செய்பவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

சாகுபடி நடக்கும் இடம்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மர உற்பத்தியில் ஒரிகான் மாநிலம் முதலிடத்திலும், வட கரோலினா மாநிலம் இரண்டாம் இடத்திலும் உள்ளன. வட கரோலினாவின் மேற்குக் கோடியில் ஆஷ், ஏவரி, அலகேனி, வடாகா போன்ற மலை வட்டாரங்களில் இந்தச் சாகுபடி பெருமளவில் நடக்கிறது. இங்கே பயிராகும் மரம் பெரும்பாலும் ஒரே இனம்தான். அதன் பெயர் ஃபிரேசர் ஃபிர். அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதி உச்சிகளில் இயற்கையாக வளர்வது. ஜான் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்து நாட்டுத் தாவர ஆய்வாளரின் பெயரால் வழங்குகிறது. குளிர்ச்சியும் மழையும் மிகுந்த, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடிக்கும் உயரமான சரிவுகளே இதற்கு ஏற்றவை.

விதையிலிருந்து மரம் வரை

விதை முளைத்து நடவுக்கு ஏற்ற நாற்றாவதற்கே 4 அல்லது 5 ஆண்டுகள் ஆகின்றன. பிறகு வயலில் 5 அடிக்கு 5 அடி அல்லது 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் நடுகிறார்கள். முதல் கணக்குப்படி ஏக்கருக்குச் சுமார் 1,740 நாற்றுகளும், இரண்டாவது கணக்குப்படி 1,210 நாற்றுகளும் பிடிக்கும். வயலில் மேலும் 7 அல்லது 8 ஆண்டுகள் வளர்ந்தால்தான் 6, 7 அடி உயர மரம் கிடைக்கும்.

இந்த மரம் தானாகவே கோபுர வடிவம் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் கோடையில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து நீண்ட கத்தியால் கவாத்து செய்ய வேண்டும். உச்சியில் இரண்டு குருத்துகள் எழும்பினால் ஒன்றை நீக்கி ஒன்றை மட்டும் விட வேண்டும். கவாத்து ஒரு பருவம் தவறினால் மரம் இடைவெளி விழுந்து, வாங்குவோர் கண்ணுக்குப் பிடிக்காமல் போகிறது.

வேரழுகல் இந்தப் பயிரின் பெரிய எதிரி. நம் வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோயை உண்டாக்கும் பைட்டாப்தோரா இனத்தைச் சேர்ந்ததே இங்கும் வேரைத் தாக்குகிறது. தண்ணீர் தேங்கும் இடத்தில் நட்டால் மரம் பிழைப்பது கடினம். ஒரு முறை மண்ணில் புகுந்துவிட்டால் அதைப் போக்க வழியில்லை. எனவே வடிகால் வசதியுள்ள சரிவைத் தேர்ந்தெடுப்பதும், நோயற்ற நாற்றை வாங்குவதுமே தற்காப்பு. ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஒருவகைச் சாறு உறிஞ்சும் பூச்சியும் மரங்களை வாட வைக்கிறது.

இயற்கையின் சீற்றமும் உண்டு. 2024 செப்டம்பர் கடைசியில் வீசிய ஹெலீன் புயலின்போது வட கரோலினா மலைகளில் நிலச்சரிவு ஏற்பட்டது. பல ஆண்டுகள் வளர்ந்த மரங்கள் மண்ணோடு சரிந்தன; பண்ணைகளுக்குப் போகும் பாதைகளும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த ஆண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்ற கிறிஸ்துமஸ் மரம், புயலில் அடிபட்ட அதே ஏவரி வட்டாரத்தில் விளைந்த ஃபிரேசர் ஃபிர் மரமே.

வெட்டி விற்பதும் வயலில் விற்பதும்

மொத்த வியாபாரிக்கு விற்கும் பெரிய பண்ணைகள் நவம்பர் மாதத்திலேயே மரங்களை வெட்டத் தொடங்குகின்றன. வலையில் சுருட்டி, லாரியில் ஏற்றி, தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே தெருவோரக் கடைகளில் நின்று, வாங்குபவர் வீட்டுக்குப் போகும்போது மரம் வெட்டுப்பட்டு மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகியிருக்கலாம். விற்காமல் மிஞ்சிய மரம் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

விலையும் நிலையானதல்ல. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலரும் தேவைக்கு மேல் நட்டுவிட்டார்கள். அந்த மரங்கள் விற்பனைக்கு வந்த காலத்தில் சரக்கு குவிந்து விலை விழுந்தது. அதோடு 2008-இல் பொருளாதார மந்தமும் வந்தது. சிலர் சாகுபடியையே விட்டார்கள். மற்றவர்கள் நடவைக் குறைத்தார்கள். இதனால் 2016-ஐ ஒட்டி மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. பத்து ஆண்டுகள் கழித்து விற்கப் போகிற பயிருக்கு இன்றைய விலையைப் பார்த்து நடவு செய்வதில் உள்ள ஆபத்தைச் சவுக்கு வளர்த்தவர்கள் நன்கு அறிவார்கள்.

வயலிலேயே விற்கும் சிறு விவசாயிக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. வெட்டாத மரம் கெட்டுப்போவதில்லை. இந்த ஆண்டு விற்காத மரம் வயலில் நின்று, அடுத்த ஆண்டு இன்னும் ஓர் அடி உயர்ந்த மரமாகிறது. ஏற்றுகூலி, தரகு, லாரிச் செலவு எதுவும் இல்லை. வாங்குபவருக்கோ அன்றைக்கு அறுத்த பச்சை மரம் கிடைக்கிறது. சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தப் பச்சைத்தன்மைதான் மிக முக்கியம். காய்ந்த மரத்தில் தீப்பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதும் பற்றிக்கொள்ளும். தண்ணீர் குறையாமல் வைத்த பச்சை மரமோ எளிதில் பற்றுவதில்லை.

புறப்படுமுன் அளவு எடுத்தல்

பண்ணைக்குப் போகுமுன் வீட்டில் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, கூரையின் உயரம். மரம் அதைவிட ஓர் அடியாவது குறைவாக இருக்க வேண்டும். மற்றொன்று, மரம் நிற்கப் போகும் இடத்தின் அகலம். திறந்த வெளியில் வானத்தின் கீழ் நிற்கும் மரம் சிறிதாகத் தோன்றும். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அதன் பருமன் தெரியும். ஆகவே கண் அளவை நம்பாமல் அளவுகோலை எடுத்துச் செல்வது நல்லது.

குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்ட பின் போவதே சரியான நேரம். பசியும் தூக்கமும் உள்ள குழந்தை அரை மணி நேரம்கூட வயலில் நிற்காது. ஈரத்தில் வழுக்காத காலணியும், மாற்றுக் கையுறையும் தேவை.

எந்த இனம் குழந்தைக்கு ஏற்றது?

ஊசியிலை மரங்களை இனம் பிரித்து அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓர் ஊசியிலையைப் பறித்து இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். நான்கு பட்டையாக இருந்து எளிதாக உருண்டால் அது ஸ்புரூஸ். தட்டையாக இருந்து உருள மறுத்தால் ஃபிர். இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் ஒரே கொத்தாகச் சேர்ந்து வந்தால் பைன்.

நீல ஸ்புரூஸ் பார்வைக்கு மிக அழகானது. ஆனால் அதன் ஊசிகள் முள்போல் குத்தும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஏற்றதல்ல. வெள்ளை ஸ்புரூஸின் இலையைக் கசக்கினால் நாற்றம் வீசும். வெள்ளைப் பைனின் ஐந்து ஊசிக் கொத்து பஞ்சுபோல் மென்மையானது, வாசனை குறைவு, ஆனால் கிளைகள் வலுவற்றவை என்பதால் கனமான பொருளைத் தொங்கவிட முடியாது. ஃபிரேசர் ஃபிர் இலை மென்மையானது, கிளை உறுதியானது, நல்ல மணம் உள்ளது, வெட்டிய பின் இலையை நெடுநாள் உதிர்ப்பதில்லை. தரையில் தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் குழந்தைக்கு, இலை உதிராத மரமே நல்ல மரம்.

பச்சையைச் சோதிக்கும் முறை

கடையில் வெட்டி வைத்த மரத்தை வாங்குபவர் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். கிளையின் நுனியிலிருந்து அரை அடி உள்ளே பிடித்து, விரல்களைத் தன் பக்கம் மெதுவாக இழுத்தால் பச்சை இலைகள் கையோடு வரக்கூடாது. ஃபிர் இலையை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். பைன் இலை ஒடியாமல் வளைய வேண்டும். மரத்தைத் தூக்கி அடியைத் தரையில் மெல்லத் தட்டினால் பச்சை இலைகள் கொட்டக்கூடாது. உள்கிளைகளிலிருந்து உதிரும் பழைய பழுப்பு இலைகளை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அவை இலையுதிர் காலத்தில் இயல்பாகக் கழிபவை.

வயலில் நிற்கும் மரத்துக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அங்கே வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். அடித்தண்டு நேராக இருக்கிறதா, தாங்கியில் நிறுத்துவதற்கு அடியில் அரை அடியாவது கிளையின்றி இருக்கிறதா, குருவிக்கூடு அல்லது பூச்சி முட்டைத் திரள் இருக்கிறதா என்று மரத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

என்ன மருந்து, எப்போது தெளித்தார்கள் என்பதையும் கேட்கலாம். கேட்பது வாங்குபவரின் உரிமை. தெளித்த தேதியை ஏட்டில் குறித்து வைத்திருக்கும் விவசாயி தயங்காமல் பதில் சொல்வார். அந்தப் பதிலே அடுத்த ஆண்டும் அந்தக் குடும்பத்தை அவரிடம் வரவழைக்கும்.

குழந்தைக்கு விட வேண்டிய பங்கு

ஆயிரம் மரங்களுக்கு நடுவே இரண்டு வயதுக் குழந்தையை நிறுத்தி, “எது வேண்டும்?” என்று கேட்டால் அது ஒன்றையும் சொல்லாது, அல்லது எல்லாவற்றையும் கேட்டு அழும். முதலில் பெரியவர்கள் அளவும் விலையும் பொருந்திய இரண்டு மரங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த இரண்டில் ஒன்றைக் குழந்தையைக் காட்டச் சொல்லலாம். குழந்தை இலையைத் தொட்டுப் பார்க்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும். கையை இழுத்துக்கொண்டு சிணுங்கினால், அந்த மரம் ஒரு மாதம் வீட்டுக்குள் இருக்கத் தகுந்ததல்ல என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அறுக்கும் வேலையில் குழந்தைக்குப் பங்கு கிடையாது. ஒருவர் அறுக்கும்போது மற்றொருவர் குழந்தையை மரத்தின் உயரத்தைவிட அதிக தூரத்தில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த மரத்தின் நுனிக் கிளையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தால் போதும். தானே மரத்தைக் கொண்டுவந்ததாகக் குழந்தை மகிழும்.

விவசாயி செய்து வைக்க வேண்டியவை

இப்படி வரும் குடும்பம் மறுபடி வர வேண்டுமானால் பண்ணையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முதலாவதாக, நடவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலத்தை எட்டுப் பங்காக்கி ஆண்டுக்கு ஒரு பங்கு நட்டால், எட்டாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் வருமானம் வரும். விலை வீழ்ச்சியும் முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் தாக்காது.

இரண்டாவதாக, அந்த ஆண்டு வெட்டக்கூடிய மரங்களுக்கு மட்டும் அடையாள அட்டை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இன்னும் இரண்டு ஆண்டு வளர வேண்டிய மரத்தை யாராவது அறுத்துவிடுவார்கள். விலையை அடிக்கணக்கில் எழுதி, நுழைவாயிலிலேயே தொங்கவிட வேண்டும்.

மூன்றாவதாக, அடிக்கட்டையைத் தரையோடு தரையாக அறுக்கச் சொல்ல வேண்டும். அரை அடி உயரத்தில் விட்ட அடிக்கட்டை, நடை பழகும் குழந்தையின் காலைத் தடுக்கி வீழ்த்தும். வரிசைகளுக்கு இடையே புல்லைக் கட்டையாக வெட்டி வைப்பதும், பள்ளங்களை மூடுவதும் அவசியம். பல பண்ணைகளில் தரையில் வெள்ளைக் கிளோவர் என்ற பயறு வகைத் தாவரத்தை வளர விடுகிறார்கள். அது மண் அரிப்பைத் தடுக்கிறது, தழைச்சத்தும் சேர்கிறது, நடப்பவர் காலில் சேறும் ஒட்டுவதில்லை.

நான்காவதாக, ரம்பத்தை இரவல் கொடுப்பது, மரத்தை உலுக்கிப் பழைய இலைகளை உதிர்ப்பது, வலையில் சுருட்டி வண்டியில் கட்டித் தருவது ஆகியவை விவசாயியின் வேலை. குளிரில் வந்தவர்களுக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது கொடுப்பதும் வழக்கம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. அதனால் கிடைக்கும் நல்ல பெயர் பெரிது. வெட்டிய இடத்தில் அடுத்த வசந்த காலத்திலேயே புது நாற்று நட்டு விடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அறுத்த மரத்தின் அடிப்பாகத்தைச் சில மணி நேரத்தில் பிசின் அடைத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீர் ஏறாது. ஆகவே வீடு சேரத் தாமதமானால் அடியில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை மீண்டும் அறுத்துவிட்டு உடனே தண்ணீர்த் தாங்கியில் நிறுத்த வேண்டும். தாங்கியில் நுழையவில்லை என்று பட்டையைச் சீவக்கூடாது. பட்டையை ஒட்டிய பகுதியே அதிகத் தண்ணீரை ஏற்றுகிறது. அடித்தண்டின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் வீதம் தண்ணீர் தேவை. 4 அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு 4 லிட்டர். வெட்டுவாய் ஒருபோதும் தண்ணீருக்கு மேலே தெரியக்கூடாது.

தண்ணீரில் சர்க்கரை, மருந்து எதையும் கலக்க வேண்டாம். வெறும் தண்ணீரே போதும். குழந்தை அந்தத் தண்ணீரில் கைவிடும், குடிக்கவும் பார்க்கும் என்பதை நினைவில் வைத்துத் தாங்கியை மூடி வைக்க வேண்டும். மரம் கணப்புக்கும் வெப்பக் குழாய்க்கும் விலகி நிற்க வேண்டும். குழந்தை கிளையைப் பிடித்து இழுத்தால் சாயாதபடி, மேல்பகுதியைச் சுவரில் உள்ள கொக்கியோடு கம்பியால் கட்டுவது அவசியம். குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்க்கிளைகளில் கண்ணாடிக் குண்டுகள், தின்பண்டம் போன்ற பொம்மைகள், சிறு பொத்தான் பாட்டரி உள்ள விளக்குகள் ஆகியவற்றைத் தொங்கவிடக்கூடாது. பொத்தான் பாட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும், உயிருக்கே ஆபத்து. கீழ்க்கிளைகளில் துணிப் பொம்மையும் மரப் பொம்மையும் போதும்.

சிலர் வேரோடும் மண்ணோடும் சாக்கில் கட்டிய மரத்தை வாங்கிப் பண்டிகைக்குப் பின் தோட்டத்தில் நடுகிறார்கள். இந்த மரத்தை வீட்டுக்குள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் மட்டுமே வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் வீட்டின் வெப்பத்தில் குளிர்கால உறக்கம் கலைந்து துளிர் விடும்; வெளியே நட்டதும் பனியில் கருகிவிடும். நடவேண்டிய குழியை மண் உறையுமுன்பே வெட்டி வைக்க வேண்டும்.

நம் விவசாயிகளுக்கு

ஃபிரேசர் ஃபிர் நம் சமவெளியில் விளையாது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் சவுக்குக் கிளையையே கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்துகிறார்கள். தொட்டியில் வளர்த்த அரக்கேரியா செடியும் நாற்றுப் பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் விற்பனையாகிறது. சவுக்குக் கிளையும் காய்ந்தால் எளிதில் தீப்பற்றக்கூடியதே. எனவே பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்னதாக வெட்டி, ஈர மணலில் நிறுத்தி, விளக்குத் திரியிலிருந்து விலக்கி வைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லி விற்பது நல்லது.

ஆனால் இந்தச் சாகுபடி சொல்லும் பாடம் ஒரு மரத்தோடு முடிவதல்ல. விளைவித்தவரே வாங்குபவரைப் பார்த்து விற்கும் முறை நமக்குப் புதிதும் அல்ல. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் அந்த அடிப்படையில் அமைந்தவையே. கரும்பு, மஞ்சள் கொத்து, பூ, வாழை என்று பண்டிகையை நம்பிப் பயிர் செய்பவர் எல்லோரும் ஒரே நாளில் வெட்டி ஒரே சந்தையில் குவிக்கும்போது விலை விழுகிறது. சாலையோரத்தில் நிலம் உள்ளவர், கேட்டு வருபவருக்கு அன்றன்றைக்கு வெட்டிக் கொடுத்தால் சரக்கு வாடாது, மிஞ்சியதும் வீணாகாது.

வாங்க வருகிறவர் குழந்தையோடு வந்தால் வரப்பை ஒதுக்கி, கிணற்றுக்கு மூடியிட்டு, அரிவாளை எடுத்து வைத்துவிட்டு வரவேற்க வேண்டும். என்ன மருந்து தெளித்தோம் என்று கேட்டால் சொல்லும்படி ஏட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் முதலீடு தேவையில்லை. வருகிற பொங்கலுக்குக் கரும்பு விற்க இருப்பவர்கள் ஒரு பாத்தி அளவிலாவது இதைச் செய்து பார்க்கலாம்.